தூக்கம் எத்ர?

புளியரையில், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால்
வலது கைப்பக்கம் எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
பத்தொன்பது வருசமாக
நான் அதன் ஜன்னலுக்குள் இருக்கிறேன்.

மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை.
"சேச்சி, தூக்கம் எத்ர?"
முதல் வாரம் கேட்டவனிடம்
நேத்து ராத்திரி நாலு மணி நேரம் என்றேன்.
மைதீன் பிச்சை முதலாளி டீ சிந்தச் சிரித்தார்.
அந்தச் சிரிப்பு நாலைந்து வருசம் ஓடியது,
பிறகு டயர் மாதிரி வழுவழுத்துப் போனது.

வண்டி ஏறும். நம்பர் நடுங்கி நிற்கும்.
தட்டுவேன், கிழிப்பேன், அறுபது ரூபாய்.
முட்டை, சிமெண்டு, தக்காளி,
ஓணத்துக்கு முன்னால் வாழைக்குலை,
எல்லாம் கிலோ.
கல்யாண வீட்டில் ஒருத்தி எதிரே வந்தாலும்
கண் தானாகக் கழிக்கும்:
நகை நீங்கலாக, பட்டு நீங்கலாக.

சித்திரையில் ராஜினாமா எழுதிவிட்டேன். மூன்று வரி.
பேப்பர் ரோலுக்கு அடியில் வைத்திருந்தேன்.
தேதிதான் போடவில்லை.

ஆனி. மலை தெரியாத சாரல், சாயங்காலம் அது மழையானது.
வைக்கோல் லாரி ஒன்று
ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது காட்டிவிட்டுப் போனது.
கோட்டைவாசலில் மரம் விழுந்து
வரிசை அப்படியே நின்றுவிட்டதாம்.

நடுராத்திரி தாண்டி ஹார்ன்.
மேசையில் கவிழ்ந்திருந்த என் நெற்றியில்
கீபோர்டு கட்டம் கட்டமாக.
அதே லாரி, தார்ப்பாய் ஒருபக்கம் கிழிந்து.
டிரைவர் ரெஜிமோன், தலையில் பாலித்தீன் பை.
"ஒண்ணுகூடி நோக்கணும் சேச்சி.
வெள்ளம் ஒழிச்சு தூக்கம் கூட்டின்னு
புனலூர்ல முதலாளி பறையும்.
மழைன்னு ஒரு பேப்பர் வேணும்."

மழைன்னு ஒரு பேப்பர்.
சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

மேடையில் ஏறி நின்று சொட்டியது வண்டி.
ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது.
கிளீனர் இறங்கிவிட்டானா பார்த்தேன்.
குடையோடு போய் டார்ச் அடித்து
மேடை இடுக்கைக் குனிந்து பார்த்தேன்,
எத்தனை வருசமாச்சு அதைப் பார்த்து.
கருங்கல் சில்லு ஒன்று. நெம்பி எடுத்தேன்.
நம்பர் அசையவில்லை.
ஏனோ எனக்குப் பெருமையாக இருந்தது,
பெற்ற பிள்ளை பொய் சொல்லாதது மாதிரி.

மெஷினே கழிக்கும்; நான் கையால் கழித்தேன்.
நானூற்றுப் பத்து.
யாரையும் கேட்காமல் இவன் வண்டியில்
மேற்கு மலை ஏற்றிவிட்ட லோடு.

சீட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கோடு உண்டு.
இத்தனை வருசம் வெறுமனே கிழிந்துபோன கோடு.
எழுதினேன்:
மாலை 6.32க்கும் இரவு 12.48க்கும் இடையில்
மழை, 410 கிலோ.
கையெழுத்து கிறுக்காமல், முழுப்பெயர்: ச. முப்பிடாதி.
ரெஜிமோன் தலையிலிருந்த பையைக் கழற்றி
சீட்டை அதற்குள் வைத்துக்கொண்டு
நனைந்துகொண்டே ஏறினான்.

அப்புறம் தூக்கம் வரவில்லை, என் பாஷைத் தூக்கம்.
வெறும் மேடையில் போய் நின்றேன்.
ஜன்னலுக்குள் சிவப்பாக 70.
அது பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
குடையை மடக்கி ஓரமாகப் போட்டுவிட்டு
எப்போது 80 ஆகும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.

காலையில் முதலாளி நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"மழைக்கு யாருட்டி துட்டு தருவா?"
"அறுபது ரூவா வாங்கிட்டேன்."

கடிதம் அங்கேயேதான் கிடக்கிறது.
ரோல் மாட்டும்போது விரலில் படும்.

போன வெள்ளிக்கிழமை ஆட்டு லாரி ஒன்று.
குறிப்பு:
மேடையில் ஏறும்போது நாற்பத்திரண்டு,
இறங்கும்போது நாற்பத்து மூன்று.
எடையில் மாற்றமில்லை.